பள்ளிவாசல் துறையில் நின்ற ஐந்து நிமிடம்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் அபி ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். அவள் வேலை பார்ப்பது கடல் தாண்டி ஓர் ஊரில். அந்த ஊருக்குள் ஓர் ஆறு ஓடுகிறது. அதன் கரையோரமாகவே பழைய தெருக்களைத் தொட்டுக்கொண்டு நடந்து போகப் பாதை போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் பழங்காலத்துக் கல் வீடுகள், ஜன்னலுக்கு ஜன்னல் பூந்தொட்டி. இன்னொரு பக்கம் தண்ணீர். வீடியோவின் ஓரத்தில் அவள் முகம். "எவ்வளவு அழகா இருக்கு பாரும்மா. ஒரு மணி நேரமா நடந்துக்கிட்டே இருக்கேன்."

நான் வீடுகளைப் பார்க்கவில்லை. பூவையும் பார்க்கவில்லை. சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, அந்தப் பக்கம் மலை இருக்கிறதா, மலை மேல் கறுத்திருக்கிறதா என்று மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். பிறகு, "கைப்பிடிச் சுவர் இருக்கா? அங்கன மழையா?" என்று கேட்டு எழுதினேன். சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு, தனக்கு முப்பது வயதாகிறது என்று ஞாபகப்படுத்தினாள். நியாயம்தான். போனைக் கவிழ்த்து வைத்தேன். மறுபடி எடுத்து நாலாவது தடவையும் ஓட்டிப் பார்த்தேன். இந்தப் பயத்துக்கு ஒரு கதை இருக்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது. உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

எனக்குச் சொந்த ஊர் போடி. கல்யாணமாகி வந்தது பெரியகுளம். அந்த ஊரை வராக நதி இரண்டாகப் பிரித்து வடகரை, தென்கரை என்று வைத்திருக்கிறது. எங்கள் வாடகை வீடு வடகரையின் மேற்குக் கோடியில் இருந்தது. தொண்ணூற்றாறில் எனக்கு ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்தது. அது கிழக்கே, பழ மண்டிகள் இருக்கும் தெருவில். மெயின் ரோடு வழியாகப் போனால் சுற்று, போதாததற்கு லாரிப் புகை. ஆற்றோரமாகப் போனால் கால் மணி நேரம்.

ஊர் தன் முகத்தையெல்லாம் ரோட்டுப் பக்கம் வைத்திருந்தது. ஆற்றோரத்தில் அதன் முதுகுதான் தெரியும். கொல்லைக் கதவுகள், காயப்போட்ட பாவாடைகள், பாசி பிடித்த படிக்கட்டுகள். மூக்கை வைத்தே எந்தத் தெருவுக்குப் பின்னால் நடக்கிறோம் என்று சொல்லிவிடலாம். முதலில் சலவைத் துறை, வெள்ளாவிப் பானையின் ஆவி. அடுத்தது பிள்ளையார் துறை, கற்பூரமும் ஈரத் திருநீறும். அதற்குப் பிறகு பள்ளிவாசல் துறை. அங்கே அத்தரும், வெள்ளிக்கிழமையானால் நெய்ச்சோற்றுக்கு வதக்கும் வெங்காயமும் பட்டையும். பசியோடு அந்த இடத்தைத் தாண்டுவது கொடுமை. அதைத் தாண்டி ஆறு ஒரு வளைவு திரும்பினால் மண்டித் துறை. மாம்பழக் காலத்தில் அழுகல் வாடை, மற்ற காலத்தில் கொய்யா. அங்கேதான் ஆற்றுக்குக் குறுக்கே தாண்டுகற்கள் கிடந்தன. பாலத்துக்குப் போய்ச் சுற்ற வேண்டாம் என்கிறவர்கள் கல்லுக்குக் கல் கால் வைத்து தென்கரைக்குப் போய்விடுவார்கள்.

வருஷத்தில் முக்கால்வாசி நாள் கணுக்கால் அளவு தண்ணீர்தான். பயப்பட ஒன்றுமில்லை. ஐப்பசி, கார்த்திகையில்தான் வேறு. அப்போதும் ஊரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே காப்பித் தோட்ட மலையில் மழை கொட்டியிருக்கும். அது நமக்குத் தெரியாது. திடீரென்று காற்றில் ஒரு வாசனை வரும். மக்கிய இலையும் ஊறிய காப்பித் தொலியும் சேர்ந்த வாசனை. அதற்குப் பின்னால் தண்ணீர் வரும்.

இதற்கு அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. 'குரல் கொடுப்பது' என்பார்கள். மேலே சலவைத் துறையில் துவைக்கிறவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அவர்கள் "தண்ணீ…" என்று நீட்டிக் கத்துவார்கள். அதைக் கேட்டு பிள்ளையார் துறையில் இருப்பவர் கத்த வேண்டும். அதைக் கேட்டு பள்ளிவாசல் துறை. அங்கிருந்து வளைவு தாண்டி மண்டித் துறை. கேட்டவர் முதலில் கத்த வேண்டும், அப்புறம்தான் கரை ஏற வேண்டும். துணி போனாலும் சரி, குடம் போனாலும் சரி. நடுவில் ஒரு துறை சும்மா இருந்தால் அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. குழந்தைகளுக்கும் சொல்லி வைத்திருந்தார்கள்: குரல் கேட்டால் மேலே பார்க்காதே, எந்தக் கரை பக்கமோ அங்கே ஏறு.

இதில் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு சிக்கல். பள்ளிவாசல் துறையில் எந்நேரமும் ஆள் இருக்கும், ஜும்மா தொழுகை நேரம் தவிர. ஆண்கள் உள்ளே இருப்பார்கள், பெண்கள் வீட்டில் சமையலில். அதனால் அந்த ஒரு மணி நேரத்துக்கு பிள்ளையார் துறையில் பூ விற்கும் ராசாத்தி கூடையைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசல் படியில் வந்து உட்கார்ந்துகொள்வாள். பிள்ளையார் கோயிலில் விசேஷமென்றால் பள்ளிவாசல் தெருவிலிருந்து யாராவது இந்தத் துறைக்கு வந்து உட்காருவார்கள். இதை யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததாகத் தெரியவில்லை. நான் வருவதற்கு முன்பே அப்படித்தான்.

ராசாத்திக்கு என் வயதுதான் இருக்கும். தொண்டை மட்டும் நான்கு பேருடையது. எனக்கு அதற்கு நேர்மாறு. சாப்பிடும்போது யாராவது சத்தமாகப் பேசினால் எங்கள் அப்பா தட்டோடு எழுந்து போய்விடுவார். அப்படி வளர்ந்தவள் நான். வேலை செய்யும் லேப்பில் நோயாளியின் பெயரைக் கூப்பிட்டால் முதல் வரிசைக்கே எட்டாது. வாசலில் இருக்கும் ஆயா இன்னொரு தடவை கூப்பிட வேண்டும். ராசாத்திக்கு இது தெரிந்துவிட்டது. நான் படி இறங்கும்போதெல்லாம், "லேப்பம்மா வர்றாக, எல்லாரும் செத்த வாய மூடுங்க, அவுக பேசுனா கேக்காது" என்பாள். துறை முழுக்கச் சிரிக்கும். நானும் சிரித்துவிட்டுப் போவேன். உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. படித்தவள், சத்தம் போடாதவள் என்று.

அபி நாலாம் வகுப்பு படித்த வருஷம். பள்ளிக்கூடம் தென்கரையில். காலையில் அவளைப் பாலம் வழியாகக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் பாலம் வழியாகவே கூட்டி வருவேன். தாண்டுகல்லில் தனியாகக் கால் வைக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். நல்ல வெயில். பள்ளிவாசல் துறையில் ராசாத்தி படியில் உட்கார்ந்து கதம்பம் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"லேப்பம்மா, செத்த இங்கன நில்லுங்க. மண்டபத்துல ஒரு மாலை குடுக்கணும், காத்துக்கிட்டு இருக்காக. அஞ்சு நிமிசத்துல ஓடியாந்துர்றேன். தண்ணிச் சத்தம் வந்தா ஒரு குரல் குடுத்துருங்க."

நேரமாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சந்துக்குள் போய்விட்டாள். சரி, ஐந்து நிமிடம். படியின் மேல் தட்டில் நின்றேன். என் முதுகுக்குப் பின்னால் பள்ளிவாசலின் பக்கச் சுவர். ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். எல்லோரும் எழுந்து வரிசையாக நிற்கும் ஓசை கேட்டது. அப்புறம் ஓதுகிற ஒரே குரல். அதற்கு நடுவில் வந்த அமைதியை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. அத்தனை பேர் சேர்ந்து பேசாமல் இருக்கும் அமைதி. நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். ஒரு வேற்றாள், பெண், இங்கே நிற்பதே சரியா என்றுதான் என் யோசனை ஓடியது.

அப்போது காப்பித் தொலி வாசனை வந்தது. தொடர்ந்து பிள்ளையார் துறையிலிருந்து குரல். "தண்ணீ…"

எனக்குக் கேட்டது. புரிந்தது. கத்துவதற்கு மூச்சை இழுத்தும்விட்டேன். அந்த நேரத்தில் உள்ளே எல்லோரும் குனிந்தார்கள். துணிகளின் சரசரப்பு சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. தொழுகை நடக்கும்போது கத்துவதா என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய மரியாதைக் குறைவு. நாலு பேர் வந்து யாரும்மா நீ என்று கேட்டால் என்ன சொல்வது. கத்தாமலே முடித்துவிடலாம் என்று பட்டது. வளைவு வரை போய், மண்டித் துறையில் நிற்பவர்களுக்குக் கையைக் காட்டிவிட்டால் போதும். நூறு தப்படிதான்.

ஓடினேனா என்று நீங்கள் கேட்கலாம். ஓடவில்லை. வேகமாக நடந்தேன். தெருவில் ஓடிப் பழக்கமில்லை. இதைச் சொல்லத்தான் எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

வளைவு திரும்பியதும் மண்டித் துறை தெரிந்தது. படியில் ஆளே இல்லை. மண்டிக்காரர்களில் பாதிப் பேர் தொழுகைக்குப் போயிருந்தார்கள், மீதிப் பேர் சாப்பிட. தாண்டுகற்களின் மேல் மட்டும் ஓர் உருவம். நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, இரட்டைச் சடை. தென்கரையிலிருந்து புறப்பட்டு பாதி ஆற்றை நெருங்கியிருந்தது. ஒவ்வொரு கல்லிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, அடுத்ததை அளந்து பார்த்து, கையை விரித்துக்கொண்டு. காலையில் நான் கட்டிவிட்ட ரிப்பன்.

பள்ளியில் ஏதோ கூட்டமென்று மத்தியானத்தோடு விட்டுவிட்டார்கள். முதல் நாளே சீட்டு கொடுத்திருக்கிறார்கள். சீட்டு அவள் பைக்குள்ளேயே இருந்திருக்கிறது. என் வேலையிடத்துக்குத் தானாக வந்து என்னை அசத்த வேண்டுமென்று நினைத்திருக்கிறாள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்தது, பின்னால் லாரியில் ஜல்லி கொட்டுவது போல ஒரு சத்தம் வளைவை நெருங்குகிறது என்பது மட்டும்தான்.

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அபி என்று கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். தொண்டையில் காற்று போகிறது, வருகிறது. கூப்பிட்டுப் பழகாத தொண்டை. அபி தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டாள். பார்த்து, சிரித்து, அடுத்த கல்லுக்குக் காலை எடுத்தாள்.

"தண்ணீ… ஏறு, ஏறு, தண்ணீ…"

என் பின்னாலிருந்து வந்தது அந்தக் குரல். மண்டபத்திலிருந்து திரும்பிய ராசாத்தி சந்துக்குள் வரும்போதே பிள்ளையார் துறைக் குரலைக் கேட்டிருக்கிறாள். அடுத்து என்னுடையது வர வேண்டும். வரவில்லை. வளைவுக்குக் குறுக்கே போகும் சந்து வழியாக ஓடி வந்து, ஆற்றைப் பார்ப்பதற்கு முன்பே கத்தியிருக்கிறாள். அவள் சுவர் மறைவில் நின்றிருந்தாள். ஆற்றிலிருந்து பார்த்தால் கரையில் நான் ஒருத்திதான் தெரிந்திருப்பேன், வாயைத் திறந்தபடி.

அபி எடுத்த காலை வைக்கவில்லை. சொல்லிக் கொடுத்திருந்தபடி, பக்கத்துக் கரை எது என்று பார்த்தாள். தென்கரை. திரும்பி ஓடினாள். இந்த முறை ஒவ்வொரு கல்லிலும் ஒரு கால்தான். பிறகு என் கண்ணுக்கு முன்னால் பழுப்பாக ஒரு சுவர் வந்து போனது. அதில் ஒரு மரக்கிளை, ஒரு பிளாஸ்டிக் குடம், இலைகள், நுரை. கற்கள் தெரியவில்லை. எதிர்க்கரையில் கோரைப் புல்லும் ஒரு மோட்டார் கொட்டகையும் மறைத்தன. அவள் ஏறினாளா இல்லையா என்பது தெரியவில்லை.

பாலத்துக்கு ஓடினேன். இப்போது ஓடினேன். செருப்பு எங்கே போனதென்று தெரியாது. பாலத்தில் தண்ணீர் பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது, சைக்கிளும் ஆட்டோவும் நெருக்கிக்கொண்டு. ஒருவர் தம் பையனைத் தோளில் தூக்கி வைத்து வெள்ளத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். கூட்டத்தை இடித்துக்கொண்டு போகும்போது கீழே பார்த்தேன். ஒரு கறுப்பு ஷூ பாலத்துக்கடியில் போனது. சின்ன ஷூ. அதற்குப் பிறகு தென்கரைப் படி வரைக்கும் எப்படிப் போனேன் என்று எனக்கு நினைவில்லை.

அவள் துவைகல் மேல் உட்கார்ந்திருந்தாள். இடுப்பு வரை நனைந்திருந்தாள். ஒரு காலில் ஷூ இல்லை. கொய்யாப் பழக்காரர் ஒருவர் அவளை முட்டளவுத் தண்ணீரில் எட்டிப் பிடித்து இழுத்துப் போட்டிருக்கிறார். இழுத்தவர் அழுகையை நிறுத்த ஒரு பழத்தை நறுக்கி மிளகாய்ப்பொடி தடவிக் கொடுத்திருந்தார். அவள் அதைத் தின்றுகொண்டு, உறைப்பில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "புது ஷூம்மா" என்றாள். நான் அவள் முதுகில் ஒன்று வைத்தேன். அப்புறம் கட்டிக்கொண்டேன். கொய்யாக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வடகரைக்குத் திரும்பியபோது தொழுகை முடிந்து எல்லோரும் துறையில் நின்றிருந்தார்கள். ராசாத்தி என்னிடம் வந்தாள். அன்றைக்குக் கேலி இல்லை.

"குரல் வரலையா, குடுக்கலையா?"

உள்ளே தொழுகை நடந்துகொண்டிருந்தது, அதனால்தான் என்று முணுமுணுத்தேன். பக்கத்தில் மண்டி வைத்திருக்கும் காதர் பாய் நின்றிருந்தார். எங்கள் நிலையத்தில் மாதம் தவறாமல் சர்க்கரை பார்க்க வருகிறவர். அவர் தொப்பியைக் கழற்றி மடித்தபடியே மெல்லச் சொன்னார். "உசுரு போற காரியம்னா தொழுகைய முறிச்சிட்டு ஓடச் சொல்லித்தாம்மா எங்களுக்கு விதி. நீங்க ஒரு சத்தம் குடுத்திருந்தா உள்ள இருந்த அத்தன பேரும் ஓடியாந்திருப்பாக." அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரியப்படுத்தினார், அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

சாயங்காலம் அபியின் அப்பா தேனியில் வேலை முடிந்து வந்ததும் அவளே கதை சொன்னாள். "அம்மா கத்துச்சுப்பா. அம்மா சத்தம் கேட்டுத்தான் திரும்புனேன். இல்லாட்டி அவ்ளோதான்." அவர் என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு நன்றி. அந்த நேரம் பார்த்து ராசாத்தி வாசலில் நின்றிருந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறதா என்று பார்க்க வந்தவள், கையில் ஒரு முழம் மல்லிகையோடு. அவளுக்கும் அது கேட்டது. அபி அவளிடமும் கேட்டாள், அம்மா எவ்வளவு சத்தமாகக் கத்தியது என்று. ராசாத்தி என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் சொல்வேன் என்று காத்திருந்தாள் போலிருக்கிறது. நான் நிலைக்கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமா கண்ணு, உங்கம்மாதான். எனக்கே காது அடைச்சுப் போச்சு" என்றாள். பூவை அபியின் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் ஆற்றோரம் நடக்கவில்லை. மெயின் ரோட்டில்தான் போனேன், லாரிப் புகையில். ராசாத்தியிடம் பூ வாங்குவதற்கு மட்டும் பிள்ளையார் துறைக்குப் போவேன். தேவைக்கு அதிகமாகவே வாங்குவேன். அவள் மறுபடி கேலி பேச ஆரம்பித்தாள். ஆனால் என் குரலைப் பற்றி மட்டும் பேச்சை எடுக்கவில்லை. ஒரு நாளாவது உட்கார்ந்து பேசியிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் படியில் நாலு பேர் இருந்தார்கள். இல்லாத நாளில் எனக்கு வேலை இருந்தது. இப்படியே ஐந்தாறு வருஷம் போயிற்று. இரண்டாயிரத்துப் பத்தில் நாங்கள் தேனிக்குக் குடி மாறினோம்.

இப்போது அந்தக் கரையில் ஆளுயரத்துக்குத் தடுப்புச் சுவர் கட்டிவிட்டார்கள். படிகள் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டன, முள் அடர்ந்து. தாண்டுகற்களை எடுத்துவிட்டார்கள். மண்டிகள் பைபாஸ் பக்கம் போய்விட்டன. தண்ணீர் வந்தால் போனில் செய்தி வருகிறதாம். ஆற்றில் இறங்க ஆளில்லாததால், செய்தி தாமதமாக வந்தாலும் ஒன்றும் ஆவதில்லை. காதர் பாய் காலமாகிவிட்டார். ராசாத்தி பனியன் கம்பெனி வேலைக்குப் போன மகனோடு திருப்பூருக்குப் போனதாகச் சொன்னார்கள். திருப்பூரில் எங்கே என்று சொல்லக்கூடியவர் எவரும் பிள்ளையார் கோயில் தெருவில் மிச்சமில்லை. நான்கு வருஷத்துக்கு முன்பு போய் வீடு வீடாகக் கேட்டேன்.

ராசாத்தியின் அந்தக் குரல் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். சொற்கள் வருகின்றன, சத்தம் வரவில்லை. என் காதிலிருந்து அது எப்போது போனதென்று தெரியவில்லை. அபிக்கு நன்றாக நினைவிருக்கிறது. யாராவது கேட்டால், இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு, அம்மா இப்படித்தான் கத்துச்சு என்று அப்படியே கத்திக் காட்டுவாள்.